தேவை: பத்து நிமிட உரையாடல்

மதிப்பும் பாசமும் ஒருங்கே உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். யாவரும் என்றால் இந்த வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருவர் நலமா என்று மற்றவர் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைமை தற்போது இல்லாததால், நான் நலம், உங்கள் அக்கா நலமாக இருப்பது போல் தெரிகிறது என்று மட்டும் எழுதுகிறேன். உங்கள் வீட்டு நலத்தை விரிவாக எழுதவும். யார் யாரிடம் என்ன சொன்னார்கள், அதற்கு அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது வரை எழுதினால் இன்னும் நல்லது. பேச்சு நடக்கும் வீடு எப்படி இருக்கும் என்பதைப் படித்தாவது தெரிந்துகொள்கிறேன்.

முப்பத்தோரு வருஷம் பல் செட் செய்த மனிதனுக்கு, ஓய்வுபெற்ற பிறகு மொழியியல் எதற்கு என்று நீங்கள் முன்பு போனில் சிரித்தீர்கள். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை, இன்றுவரை நினைவில் மட்டும்தான் வைத்திருக்கிறேன். காரணத்தை இப்போது சொல்கிறேன். தபால் வழிக் கல்வி விவரப் புத்தகம் ஒன்றைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பக்கத்தில் மனித வாயை நெடுக வெட்டிக் காட்டிய படம் இருந்தது. என் வேலைக்கூடத்துக்கு எத்தனை ஆயிரம் வாய்கள் வந்திருக்கும்! எல்லாம் பிளாஸ்டர் வாய்கள். டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார், நான் மெழுகு வைத்துப் பல் அடுக்குவேன், பாலிஷ் போட்டு டப்பாவில் வைத்து அனுப்புவேன். அந்தப் பல்லைப் போட்டுக்கொண்டு யார் யாரிடம் என்ன பேசினார்கள், எப்படிப் பேசினார்கள் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அந்தப் படத்தைப் பார்த்ததும், இத்தனை வருஷம் வாசலிலேயே நின்றுவிட்டோமே, ஒருநாளாவது உள்ளே போய்ப் பார்த்திருக்கலாமே என்று மனசு எங்கோ போய்விட்டது. அது திரும்பி வருவதற்குள் விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

படிப்பு சுகமாகத்தான் ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மடிப்பேன், நிமிர்த்துவேன், மேல் பல்லுக்குப் பின்னால் தொடுவேன். பழைய பிளாஸ்டர் அச்சுகள் ஏழெட்டு என்னிடம் உண்டு. அவற்றை மேஜையில் வரிசையாக வைத்து, மேல்வாயில் இது வல்லண்ணம், இது மெல்லண்ணம் என்று தொட்டுத் தொட்டுப் படிப்பேன். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சில எழுத்துகளைச் சொன்னால் உள்ளே ஒரு அதிர்வு வரும், சிலவற்றைச் சொன்னால் வராது. எது வரும், எது வராது என்பதற்கே ஐந்து மதிப்பெண். அதனால் நான் வீட்டுக்குள் எங்கே போனாலும் ஒரு கை தொண்டையில்தான் இருக்கும். மத்தியானம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தால், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் வாய்க்குள் ஏதோ நடத்திக்கொண்டு போவது போல் இருக்கும். சோப்பு விற்கிறவர் கத்துவதில் எவ்வளவு நெடில்! ஒரு மணி நேரம் போவதே தெரியாது. இப்படி ஒரு சந்தோஷம் இந்த வயதில் வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

வினை வந்தது ஒரு சாயங்காலம். சுமார் ஐந்தரை வாரத்துக்கு முந்தைய சாயங்காலம். உங்கள் அக்கா வேலையிலிருந்து வந்தாள். வழக்கத்தைவிட நேரமாகித்தான் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். அவள் வேலை உங்களுக்குத் தெரியாததல்ல: பஸ் நிலையத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த நடைமேடையில் எப்போது கிளம்பும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வேலை. அவ்வளவு பேசிவிட்டு வருகிறவள் வீட்டுக்கு வந்ததும் பேசுகிறாளே, அதுவே பெரிய விஷயம் என்று ஒரு சாதாரண புருஷனுக்குத் தோன்றியிருக்கும். நான் மூன்றாம் பாடத்தில் இருந்தேன். மூன்றாம் பாடம் குரலின் வகைகள். கரகரத்த குரல் என்று ஒரு வகை, கேட்டுப் பழக வேண்டும் என்று போட்டிருக்கிறது, எனக்கு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து உங்கள் அக்கா வாயைத் திறந்தால், அப்படியே புத்தகத்தில் போட்டிருக்கும் கரகரப்பு! மைத்துனரே, அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் குரல் இறங்கி, நொறுங்கி, காற்று மட்டும் மிஞ்சியது. நான் நோட்டை எடுத்தேன். எழுத ஆரம்பித்தேன்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் எழுதிக்கொண்டே போனேன். எங்கே இழுத்தாள், எங்கே நிறுத்தினாள், எங்கே மூச்சு வாங்கினாள், குரல் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று அம்புக்குறியும் புள்ளியுமாகப் போட்டுக்கொண்டே போனேன். நடுவில் ஒரு இடத்தில் குரல் அப்படியே உடைந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

"இரு, இரு. அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லு. மெதுவா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதையே மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, மறுபடி சொன்னாள். அதையும் எழுதினேன்.

"எல்லாத்தையும் எழுதிக்கிட்டீங்களா?" என்றாள்.

"ஒண்ணு விடலை," என்றேன்.

அவள் என் கைமேல் கையை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். எழுந்து உள்ளே போனாள். அதோடு சரி. அந்த நிமிஷத்திலிருந்து இன்றுவரை உங்கள் அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் அன்றைக்கு என்ன சொன்னாள் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எப்படிச் சொன்னாள் என்று கேட்டால் என்னிடம் பன்னிரண்டு பக்கம் இருக்கிறது. என்ன சொன்னாள் என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது. 'ஆறு வாரம்' என்று ஒரு இடத்தில் வந்தது. அந்த 'ஆ' நீளமாக இருந்ததால் நினைவிருக்கிறது. நான் பாடப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்து அப்போது சரியாக ஆறு வாரம் ஆகியிருந்தது. ஆகவே அது என்னைப் பற்றிய புகாராகத்தான் இருந்திருக்க வேண்டும். மனுஷி மனசு விட்டுப் பேச வந்திருக்கிறாள், நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை, சத்தத்தைக் கேட்டேன். அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் காதால் கெட்டேன்.

முதல் இரண்டு மூன்று நாள் நான் வலியப் போய்ப் பேசிப் பார்த்தேன். "டீ குடிக்கறியா?" என்றால் தலையை ஆட்டுவாள். "என்மேல கோவமா?" என்றால் இல்லை என்று தலையை ஆட்டுவாள். கோபம் இல்லை என்று வாயால் சொல்லாமல் தலையால் சொல்வதன் பொருள் என்ன என்று எனக்குத் தெரியாதா? நான்காம் நாள் காலை, தொண்டையில் கை வைத்தபடி நான் அறையை விட்டு வெளியே வருகிறேன், அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தன் கழுத்தைத் தொட்டு, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கழுத்தை அறுக்காதே என்கிறாள். சரி என்று அன்றிலிருந்து நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் ரோஷம் உண்டு. ஆனால் தினமும் காலையில் அதே சைகை தொடர்கிறது. ஒருநாள்கூடத் தவறியதில்லை. இப்போது சில நாளாகச் சிரித்துக்கொண்டே வேறு செய்கிறாள்.

இன்னும் கேளுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பாத்திரத்தில் வெந்நீரை வைத்துக்கொண்டு, தலையோடு துண்டைப் போர்த்தி, பத்து நிமிஷம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். என் முகத்தில் விழிக்க விருப்பமில்லை என்றால் அடுத்த அறைக்குப் போகலாமே, என் எதிரில் உட்கார்ந்தா மூடிக்கொள்ள வேண்டும்? நீங்கள் போன் செய்தபோதெல்லாம் ரிசீவரை எடுத்ததும் என்னிடம் நீட்டிவிட்டாள், ஞாபகம் இருக்கும். என்மேல் உள்ள கோபம் உங்கள்மேலும் பாய்ந்திருக்கிறது, மன்னிக்கவும். எங்களுக்குள் எழுத்துப் போக்குவரத்து என்று ஒன்று உண்டென்றால் அது கடைக்கு எழுதித் தருகிற சீட்டு. சோப்பு, உப்பு, தேன். மறுநாள் தேன். அடுத்த வாரம் மறுபடி தேன். ஐந்து வாரமாகப் பார்க்கிறேன், அந்தச் சீட்டுகளில் ஒரு வினைச்சொல் கிடையாது. 'வாங்கி வரவும்' என்று எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

இதெல்லாம் குடும்ப விஷயம், நாங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்களை ஏன் இழுக்கிறேன் என்றால், பரீட்சை. எழுத்துத் தேர்வுக்கு முன்னால் செய்முறை ஒன்று கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்தால்தான் ஹால் டிக்கெட். கேள்வித்தாளில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்: 'ஒரே வீட்டில் வசிக்கும் இருவர் இயல்பாக உரையாடுவதைப் பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து, அதனை ஒலிக்குறியில் எழுதுக.' சனிக்கிழமை வகுப்பில் எங்கள் ஆசிரியை, என் வயதில் பாதிகூட இருக்காது, எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "இருக்கறதிலேயே ஈஸி இதுதான். வீட்டுல நீங்க சாதாரணமா பேசிக்கறதை ரெக்கார்ட் பண்ணுங்க, போதும்." வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், கை தொண்டையில் இருந்தது, அதிர்வு வரவில்லை.

டேப் ரிக்கார்டர் ஒன்றை இரவல் வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். ஒருவேளை அவள் எனக்கில்லாவிட்டாலும் அந்த மெஷினுக்காகவாவது ஏதாவது சொல்லமாட்டாளா என்று ஒரு நப்பாசை. பட்டனை அமுக்கினேன். அவள் மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெந்நீர் ஃபிளாஸ்கைத் திறந்து குடித்தாள். அரை மணி நேரம் ஓடி கேசட் தானாக நின்றது.

மறுநாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது, மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டேன். ஒன்றுமில்லாத கேசட்தானே என்று கேட்டேன். மைத்துனரே, அதில் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா! மின்விசிறி சுற்றுகிற சத்தம். குழாயில் சொட்டு. கரண்டி தட்டில் படுகிற சத்தம், ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது, இரண்டும் மாறி மாறி. அவள் நாற்காலியை நகர்த்துகிறாள். பத்திரிகைத் தாள் புரள்கிறது. அவள் மூச்சு விடுகிறாள். இருபத்தாறு வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறவள் மூச்சு விடுகிற சத்தத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். ஜன்னல் வழியாக வெயில் மேஜையில் விழுந்து மெதுவாக நகர்ந்தது. கேசட் ஓடிக்கொண்டிருந்தது. நான் எங்கே இருக்கிறேன், அது நேற்றா இன்றா என்றே தெரியவில்லை. அப்படியே தூங்கிவிட்டேன்.

தூக்கத்தில் ஒரு கனவு. நான் ஒரு பெரிய கூடத்துக்குள் நடக்கிறேன். கூரை வெள்ளையாக, வளைந்து, நடுவில் வரிவரியாக இருக்கிறது. உற்றுப் பார்த்தால் அது அண்ணம். என் பிளாஸ்டர் அச்சுதான், ஆனால் பஸ் நிலையம் அளவுக்கு. கீழே பெஞ்சு போட்டு எழுத்துகளெல்லாம் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கின்றன. மெல்லினம் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து தூங்குகின்றன. வல்லினம் நேரமாகிறது என்று காலைத் தட்டிக்கொண்டிருக்கிறது. ழகரம் மட்டும் தனியாக ஒரு ஓரத்தில் நாக்கை மடித்துக்கொண்டு நிற்கிறது. மேலே எங்கிருந்தோ உங்கள் அக்காவின் குரல், எது எந்த வாயிலிருந்து எப்போது கிளம்பும் என்று அறிவிக்கிறது. ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகின்றன. நான் கடைசி வரை நிற்கிறேன், என்னை மட்டும் கூப்பிடவில்லை. கண்ணைத் திறந்தால் சாயங்காலம். ஊமை கண்ட கனவு என்பார்கள். எனக்கு வாய் இருக்கிறது, சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்தக் கேசட்டையே எழுதிக் கொடுத்தேன். 'மௌனம், நாற்பத்து மூன்று விநாடி. கரண்டி. மௌனம், ஒரு நிமிடம் பத்து விநாடி. பெருமூச்சு (பெண்). பெருமூச்சு (ஆண்).' இப்படி ஆறு பக்கம். ஆசிரியை சிவப்பு மையில் 'பேச்சு எங்கே?' என்று எழுதித் திருப்பிவிட்டாள். அடுத்து ஜாடையாகப் பேசிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற பூனையைப் பார்த்து, "சில பேருக்கு நாம எதுக்குக் கோவிச்சுக்கறோம்னு சொல்றதுக்குக்கூட மனசு வரலை பாரு," என்றேன். உங்கள் அக்கா சமையலறையில் நின்று கேட்டுவிட்டுப் பூனைக்குப் பால் ஊற்றினாள். பூனை மட்டும் பதில் சொன்னது. உரையாடுபவர் இருவரும் மனிதராக இருக்க வேண்டும் என்று கேள்வியில் இல்லைதான், ஆனாலும் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை.

பிறகுதான் பஸ் நிலைய யோசனை வந்தது. அவள் பேசுகிற இடம் ஒன்று இருக்கிறதே! டேப் ரிக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஒலிபெருக்கிக்குக் கீழே ஒரு பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் கண்ணாடி அறை தெரியும், அவள் தலையும் மைக்கும் தெரியும். உட்கார்ந்தேன். 'நாலாம் நடைமேடையிலிருந்து பத்தேகால் மணிக்குப் புறப்பட வேண்டிய வண்டி பதினைந்து நிமிடம் தாமதமாகப் புறப்படும்' என்றாள். அவ்வளவுதான், மைத்துனரே, தொண்டையில் இருந்த கையை எடுத்துக் காதில் குவித்துக்கொண்டேன். முன்பைவிடத் தாழ்ந்த குரல், பஞ்சு சுற்றி வைத்தது போல. ஜனங்கள் அதைக் கேட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், யாருக்கும் அது ஒரு குரலாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ரிக்கார்டரை அமுக்கினேன். அவள் ஒவ்வொரு அறிவிப்பு முடித்ததும், நடுவில் கிடைக்கிற இடைவெளியில் நான் பதில் சொன்னேன்.

"ஏழாம் நடைமேடை வண்டி புறப்படத் தயாராக உள்ளது."

"அப்படியா? சாப்பிட்டியா?"

"பயணிகள் தங்கள் உடைமைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்."

"பாத்துக்கறேன். நீயும் உடம்பைப் பாத்துக்கோ."

பக்கத்தில் குடை ரிப்பேர்க்காரர் ஒருவர் கட்டோடு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யாரோட சார் பேசறீங்க?" என்றார்.

"என் சம்சாரத்தோட."

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "எங்க இருக்காங்க?"

நான் மேலே ஒலிபெருக்கியைக் காட்டினேன். அவர் ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை, அதற்கும் மேலே வானத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போய் ரொம்ப நாளாச்சா சார்?" என்றார்.

"காலையில எட்டு மணிக்குப் போனா. ஆறு மணிக்கு வந்துடுவா."

அவர் குடைக்கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அந்தக் கேசட்டையும் கொடுத்தேன். ஆசிரியை முழுதாகக் கேட்டிருக்கிறாள், நல்ல பெண். 'பெண் பேச்சாளர் ஒருமுறைகூட ஆண் பேச்சாளருக்குப் பதில் அளிக்கவில்லை. ஆண் பேச்சாளர் எட்டாம் நிமிடத்தில் ஏன் அழுகிறார்?' என்று எழுதியிருந்தாள். அது அழுகை இல்லை, பஸ் நிலையத்துத் தூசி. ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். செய்முறைக்கு ஆகாது என்று தெரிந்த பிறகும் நான் தினமும் பதினொரு மணிக்குப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்கிறேன். கேசட் கூடப் போடுவதில்லை. ஹெட்போனை மட்டும் வழக்கத்துக்காக மாட்டிக்கொள்கிறேன். மொழி என்பது மனிதர் தம்முள் எண்ணங்களைப் பரிமாறிக்கொள்ளும் கருவி, இது முதல் பக்கத்து விளக்கம். நேற்றுச் சமையலறை வாசலில் நின்று இதைச் சத்தமாக மனப்பாடம் செய்தேன். அவள் திரும்பிப் பார்த்துக் கை தட்டினாள். கேலிக்கும் ஒரு அளவு உண்டல்லவா?

இனி உங்களிடம் என் கோரிக்கை. நீங்கள் காப்பீட்டுக் கம்பெனியில், விபத்து நடந்த இடத்தைப் போய்ப் பார்த்து யார்மேல் தப்பு என்று எழுதிக் கொடுப்பவர். இங்கும் ஒரு விபத்து நடந்திருக்கிறது. தப்பு என்மேல்தான், அதை நீங்கள் ஆராய வேண்டியதில்லை, கையெழுத்தே போட்டுத் தருகிறேன். செய்முறை கொடுக்க வருகிற திங்கட்கிழமை கடைசி நாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நீங்கள் வர வேண்டும். வந்து உங்கள் அக்காவை என்னோடு பத்தே நிமிடம் பேசச் சொல்ல வேண்டும். சமாதானம் வேண்டாம். திட்டினாலும் போதும். திட்டும்போது குரல் ஏற்ற இறக்கம் நன்றாக இருக்கும், மதிப்பெண்ணும் கூடும்.

இப்படித்தான் எழுதி முடிப்பதாக இருந்தேன். பேனா நின்றுவிட்டது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பரீட்சை போனால் போகட்டும், மைத்துனரே. அடுத்த வருஷமும் அந்த வாய்ப் படம் அதே புத்தகத்தில் இருக்கும். மௌனம் சம்மதம் என்பார்கள். எதற்குச் சம்மதம் என்று தெரியாமல் ஒரு மனுஷன் எத்தனை நாள் இருக்க முடியும்? அவள் அன்றைக்குக் கரகரத்த குரலில், நொறுங்கி நொறுங்கி, என்னிடம் ஏதோ ஒன்றைச் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்லத்தான் பையைக்கூட வைக்காமல் உட்கார்ந்தாள். அது என்ன என்று அவளையே எப்படிக் கேட்பேன்? 'ஒண்ணு விடலை' என்று சொன்னவன் அல்லவா நான்! நீங்கள் அவளிடம் நைசாகக் கேட்டு, அது என்ன என்று மட்டும் எனக்குத் தெரிவித்தால், ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். அதைத் தெரிந்துகொண்டு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். எதற்கு என்று தெரியாமல் கேட்கிற மன்னிப்பு மறுபடியும் வெறும் சத்தம்தான்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், வாயார வாழ்த்துகிறேன், வாய்க்கு வேறு வேலையும் இல்லை. உங்கள் வீட்டில் எல்லாரும் எல்லாரோடும் நீண்ட காலம் பேசிக்கொண்டிருக்கப் பிரார்த்திக்கிறேன். கோந்து தீர்ந்துவிட்டதால் உறையை ஒட்டாமல் மேஜையில் வைக்கிறேன். உங்கள் அக்கா வேலைக்குப் போகும் வழியில் ஒட்டித் தபாலில் போடுவாள். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, அது என் அதிர்ஷ்டம்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு:

தம்பிக்கு, அக்கா எழுதுவது. கடைசிப் பக்கத்தில் இடம் இருந்தது, வேறு தாள் எடுக்கவில்லை. அத்தான் எழுதியிருப்பதைப் படிக்கவில்லை. மேலே பரீட்சை, மொழியியல் என்று கண்ணில் பட்டது, அது எனக்குப் புரியாது.

உன்னிடம் இத்தனை நாள் சொல்லாததற்குத் திட்டாதே. சொன்னால் நீ பயந்து ஓடி வருவாய். தொண்டையில் குரல்நாணில் ஒரு வீக்கம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். ஆறு வாரம் வாயையே திறக்கக் கூடாது, கிசுகிசுவென்றுகூடப் பேசக் கூடாது, குறையாவிட்டால் ஆபரேஷன், அப்புறம் இந்தக் குரல் இருக்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வேலையில் லீவு இல்லை என்று கெஞ்சினேன். அப்படியானால் பஸ் நிலையத்தில் மட்டும், தாழ்ந்த குரலில், வீட்டில் ஒரு சொல்லும் கூடாது என்றார். நீ போன் செய்தபோதெல்லாம் அத்தானிடம் கொடுத்தது அதனால்தான். நேற்றுப் போய்க் காட்டினேன். வீக்கம் நன்றாகக் குறைந்துவிட்டதாம், ஆபரேஷன் வேண்டாமாம், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேசலாமாம்.

உன் அத்தானைப் பற்றி நீ எப்போதும் கேலி பேசுவாய். இனிமேல் பேசாதே. அன்று சாயங்காலம் டாக்டர் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன். குரல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, உங்களோடு ஆறு வாரம் பேசாமல் எப்படி இருப்பேன் என்று அழுதேன். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை, நான் சொன்னதை ஒன்று விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு இடத்தில் கை நடுங்கியது. அதை மெதுவாக இன்னொரு தடவை சொல்லச் சொல்லி அதையும் எழுதினார். என் பேச்சை இப்படி யாரும் கேட்டதில்லை தம்பி. நான் பதில் சொல்ல ஆசைப்பட்டுவிடுவேனோ என்று அவரும் பேச்சையே நிறுத்திவிட்டார். தினமும் காலையில் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்பார், பரவாயில்லை என்று நானும் கையை ஆட்டுவேன். பதினொரு மணிக்குப் பஸ் நிலையத்துக்கு வந்து, என் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நீ ஞாயிற்றுக்கிழமை வருவதாக நினைத்திருந்தால் வேண்டாம், அடுத்த வாரம் வா. அன்று முழுக்க எனக்கு அவரோடு பேச வேண்டும். முதல் பேச்சு என்ன என்றும் யோசித்து வைத்துவிட்டேன். அந்த நோட்டை எடுத்து, அன்று நான் சொன்னதை முதலிலிருந்து கடைசி வரை எனக்கு வாசித்துக் காட்டச் சொல்லப் போகிறேன்.